கிளாம்புக்கு மேலே ஒரு புள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர்தான் என் அறையில் இருந்த வெல்டர் அண்ணன். பட்டறைக்கு ரோபோ வந்திருக்கிறது. இதுவரை அண்ணன் கையால் செய்த கதவுச் சட்ட வெல்டிங்கை அதற்குப் பழக்குவது என் வேலை. அதன் கையை நகர்த்தி நகர்த்தி, போக வேண்டிய இடங்களைப் புள்ளி புள்ளியாகப் பதிய வேண்டும். முதல் ஓட்டத்திலேயே அது சட்டத்தைப் பிடித்திருந்த கிளாம்பில் போய் இடித்து மூக்கை வளைத்துக்கொண்டது. ஒரே சிரிப்பு. பயப்படாதீர்கள், யாருக்கும் அடியில்லை.

"மேல தூக்கி, கிளாம்பத் தாண்டி இறக்குடா. நான் அப்படித்தானே செய்வேன்?" என்று அண்ணன்தான் காட்டிக்கொடுத்தார். அந்த ஒரு புள்ளியைச் சேர்த்ததும் பிசகாமல் ஓடியது. மறுநாளே, இனி ஆள் வேண்டாமென்று அவருக்குக் கணக்கு முடித்து ஊருக்கு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

அவருக்கு வயிறாரச் சாப்பாடு போடுங்கள். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

காலையில் என்னை எழுப்பிவிடுவது அவர்தான். அலமாரியில் இருக்கும் அலாரம் கடிகாரத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

வண்டி வந்துவிட்டது. "முடிச்சிட்டியாடா?" என்கிறார். உறையை ஒட்டாமல்தான் கொடுக்கிறேன். வழியில் அவரும் படிக்கட்டும். மன்னித்துவிடுங்கள் என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மகன்