நீ சொல்றதும் சரிதான்

அன்புள்ள இடிக்கு,

நீ நலமாக இருப்பதை வாராவாரம் உங்கள் இணைய வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அதனால் நலம் விசாரிக்கப்போவதில்லை. இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம், காதைத் தவிர. அதைக் கீழே எழுதுகிறேன்.

ஏன் காகிதம் என்று கேட்பாய். போனில் எழுதினால், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்த மஞ்சள் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். காகிதத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

நீ ஊரைவிட்டுப் போனதும், நாம் வாசித்துப் பழகிய அறையை டயர் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் நாம் ஒட்டிய முட்டை அட்டைகளை உரிக்கவில்லை. அவற்றின்மேல் சாய்த்தே டயர்களை அடுக்கியிருக்கிறார். இவ்வளவு அமைதியான கிடங்கு தனக்கு வாய்த்ததில்லை என்றார். போன வருஷம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று அவருக்கும் தெரியும், மூன்று தெருவுக்கும் தெரியும்.

சென்ற வாரம் உன் நிகழ்ச்சியைப் பேருந்தில் கேட்டேன். ‘யாருக்கும் பிடிக்காத கருத்து’ என்று ஒரு பகுதி வருமே, அது. உன் புதுக் குழுவின் கிடார்காரர் பேசினார். ஹெவி மெட்டலை டூம், த்ராஷ், டெத் என்று பிரிப்பதெல்லாம் மளிகைக்கடையில் டப்பாவுக்குப் பெயர் ஒட்டுகிற வேலை, காதில் கனமாக விழுந்தால் மெட்டல், அதற்குமேல் பேசுகிறவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றார்.

நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். நீ விடமாட்டாய், ஆள் தொலைந்தார் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, நான் இறங்கப்போகிறேன் போலிருக்கிறது என்று காலை ஒடுக்கி வழிவிட்டார்.

நீ சிரித்தாய். பிறகு சொன்னாய்: “நீங்க சொல்றதும் சரிதான்.”

என் நிறுத்தம் தாண்டிப்போயிற்று.

கல்லூரி உணவகத்தில் நாம் முதலில் பேசியதே சண்டை. என் சட்டையில் இருந்த குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு, அது மெட்டலே இல்லை, தலைமுடி வளர்த்த பாப் என்றாய். பெயர்கூடக் கேட்கவில்லை. தட்டு காயும்வரை பேசினோம். அன்றிலிருந்து இந்த வாரம்வரை நீ என்னிடம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. மழை பெய்கிறது என்றால் தூறல் என்பாய். தூறல் என்றால், இதற்குப் பேர்தான் மழை என்பாய்.

நாம் சேர்ந்து பதிவுசெய்த நாலு பாட்டையே எடுத்துக்கொள். நான் டூம் என்றேன். சவ ஊர்வலத்தின் நடை, மந்தம், கனம், எல்லாம் வேண்டுமென்றே செய்தது என்றேன். நீ டெத் மெட்டல் என்றாய். உறுமல் இருக்கிறது, இருட்டு இருக்கிறது, வேகம் மட்டும் இல்லை. ஏனென்றால் பேஸ் கிடார் வாசிக்கும் இந்தத் தவளைக்கு விரல் ஓடாது. அதற்குப் பெயர் டூம் இல்லை, சோம்பேறித்தனம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விரல் வீங்கும்வரை வாசித்தேன். இப்போது என் விரல் ஓடும். உனக்குத் தெரியாது.

இன்னொன்று. மூன்று வாரம் முன்பு அதே நிகழ்ச்சியில், கிடார் சோலோ என்பது அழைக்காமல் மேடை ஏறிப் பேசுகிறவரின் வாழ்த்துரை என்று சொன்னாயே, அது யாருடைய வரி? நான் சொன்னபோது வயிற்றெரிச்சல் என்றாய். அங்கே உன் சொந்தக் கருத்தாக எடுத்துவிட்டாய். அந்தக் கிடார்காரர் வெகுநேரம் சிரித்தார். என் வரிக்கு உன்னோடு ஒருவர் சிரிப்பதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை. அவர்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். நன்றாக வாசிக்கிறார் என்பதற்காக இல்லை. வாசிக்கட்டும். நீங்கள் போட்ட படத்தில் உன் டிரம்ஸின் சிம்பல் தட்டுகள் வைக்கும் பை அவர் தோளில் தொங்குகிறது. அந்தப் பையின் வார் கழுத்தை அறுக்கும். அறுக்கட்டும் என்று நினைத்தேன். படத்தை விரலால் பெரிதாக்கி, சிவந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

அண்ணன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். என்ன, உனக்குச் சக்களத்தன் வந்துட்டானா என்றான். தலையணையை எறிந்தேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் சிரிக்கவில்லை.

அம்மா விஷயம். நான் வேலை பார்க்கும் காது மருத்துவமனையில் உன் அம்மாவையே சோதிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டார் வந்து, உங்க டிவி எங்களுக்கே கேட்குது என்றார்களாம். சத்தம் நுழையாத அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் சோதனை. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவேன்.

ஒரு கட்டத்தில் நான் சத்தமே அனுப்பவில்லை. அம்மா அழுத்தினார். மறுபடி அனுப்பாமல் இருந்தேன். மறுபடி அழுத்தினார். உள்ளே போய், ஏன் அம்மா என்று கேட்டேன். “நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதான் அழுத்தினேன்,” என்றார்.

இங்கே வருகிறவர்களில் பலர் இப்படித்தான். கேட்காமலேயே அழுத்துவார்கள். நம் மனம் நோகக்கூடாது என்று. அவர்களை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது. எல்லாம் முதலிலிருந்து.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது காதில் மெல்லிய சத்தங்கள் போயிருக்கின்றன. கருவி மாட்டினால் சரியாகிவிடும். அம்மா மாட்டமாட்டேன் என்கிறார். நீ போன் செய்யும்போது இடது காதில் வைத்துக்கொள்ளச் சொல். நீயும் கொஞ்சம் நிறுத்திப் பேசு.

உன் நிகழ்ச்சியை அம்மாவும் விடாமல் கேட்கிறார், சத்தத்தை முழுக்க வைத்து. மெட்டல் என்றால் தகரக்கடை என்கிறவர். உன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்தக் கிடார்காரர் எப்படி என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். மரியாதையான பையன் என்றார். எனக்கு முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. துணியை மடித்தபடியே சொன்னார்: “அந்தப் பையன்கிட்ட வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி பேசறா. உன்கிட்ட பேசறப்பதான் அவ குரல் தெருவுக்கே கேக்கும்.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். அண்ணனுக்குக்கூட டீ போட்டுக் கொடுத்தேன். உனக்கு விருந்தாளிகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும் என்று தாராளமாக இருந்தேன்.

அப்போதுதான் உன் செய்தி வந்தது. நம் நாலு பாட்டையும் கிடார்காரர் கேட்டாராம், அவருக்குப் பிடித்துவிட்டதாம், கேசட்டாக வெளியிடுகிறாராம். அட்டையில் என்ன வகை என்று போட வேண்டும். ‘டூம்னே போட்டுக்கலாம். யோசிச்சுப் பாத்தா நீ சொல்றதும் சரிதான். உன் சம்மதம் மட்டும் வேணும்.’ கீழே ஒரு சிரித்த முகம்.

இந்த வாக்கியத்துக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? நீ சொல்லும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். பெருந்தன்மையாக ஒரு தலையசைப்பு. வந்தபோது ஒரு பெரியவரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தேன். மறுபடி படித்தேன். என்னம்மா, உள்ளே ஏதாவது இருக்கா என்று பெரியவர் பயந்துபோய்க் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

நீ யோசித்துப் பார்க்கவில்லை. பாட்டை மறுபடி கேட்கவும் இல்லை. என் முகம் தொங்கிவிடக்கூடாது என்று பொத்தானை அழுத்தியிருக்கிறாய்.

அவரிடம் சொன்ன அதே வாக்கியம். அவருக்கு ‘நீங்க’, எனக்கு ‘நீ’. அது ஒன்றுதான் வித்தியாசம். நானும் விருந்தாளி ஆகிவிட்டேன். வாங்க, உட்காருங்க, என்ன சாப்பிடறீங்க.

ஆகவே சம்மதம் இல்லை.

தெளிவாகவே எழுதுகிறேன். அந்த நாலு பாட்டும் நான் சொன்ன டூம் இல்லை. நீ சொன்ன டெத்தும் இல்லை. த்ராஷ். தலைதெறிக்க ஓடுகிற த்ராஷ். உலகத்திலேயே மெதுவான த்ராஷ், அவ்வளவுதான். வேண்டுமானால் இப்போது போட்டுக் கேள். உன் டிரம்ஸ் ஒவ்வொரு பாட்டிலும் முன்னால் பாயப் பார்க்கிறது. என் பேஸ் பின்னாலிருந்து இழுக்கிறது. ஓட நினைக்கிற ஒருத்தியின் சட்டையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டிருக்கும் வேகம் அது. வேகம் இல்லை என்று யார் சொன்னது? பிடியைத் தளர்த்தியதும் நீ எவ்வளவு தூரம் போயிருக்கிறாய் பார்.

இது உளறல் என்று எனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நீ சொல்ல வேண்டும். த்ராஷ் என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு என்று ஆரம்பி. சட்டையில் பேரைப் போட்டுக்கொண்டால் போதுமா என்று கேள். அம்மாவுக்கு இரண்டு காதிலும் கேட்கிற மாதிரி போனில் கத்து. பக்கம் பக்கமாக எழுதி நான் முட்டாள் என்று நிரூபி. நானும் விடமாட்டேன். அட்டை வெறுமையாகவே கிடக்கட்டும். கேசட் இந்த வருஷம் வராவிட்டால் அடுத்த வருஷம் வரட்டும். அதுவரை நாம் முடிவுக்கு வரவேண்டாம்.

புதுக் குழுவோடு நன்றாக வாசி. உன் மணிக்கட்டைப் பார்த்துக்கொள், குளிரில் வலிக்கும். பையை அவரே தூக்கட்டும், பரவாயில்லை.

அவரோடு எவ்வளவு வேண்டுமானாலும் ஒத்துப்போ. என்னோடு மட்டும் ஒத்துப்போய்விடாதே.

உன் பதிலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்,
தவளை