வயல் பக்கத்து அறை

என் பிரியமானவளுக்கு,

பாப்பாவுக்கு இருமல் நின்றதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. நீயாக எழுதினால் தெரிந்துகொள்கிறேன்.

வீட்டை விற்றாகிவிட்டது. அறுவடை முடிந்து வயல் சும்மா கிடந்தபோது நமக்குக் காட்டிய அதே தரகர்தான் வாங்க வந்தவர்களையும் அழைத்துவந்தார். "இப்ப யாரும் மருந்து அடிக்கல. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்" என்று என் காதில் சொன்னார். என்னால் முடியவில்லை. பூச்சிமருந்து அடித்தால் வீட்டுக்குள் வரும், எங்கள் குழந்தைக்கு நெஞ்சு கெட்டதே அதனால்தான் என்று போட்டு உடைத்துவிட்டேன். தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வாங்க வந்தவர் சிரித்தார். "எனக்கேவா தம்பி? அந்த மருந்தை அடிக்கிறதே நான்தான். இப்ப பண்ணைக் கொட்டகையில மருந்து டப்பாவுக்குப் பக்கத்துலதான் படுக்கை. இங்கன்னா ஜன்னலையாவது சாத்திக்கலாம்."

பண்ணை முதலாளியின் வீடு மேட்டில், மருந்துக் காற்று எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே வாங்க நமக்கும் வக்கில்லை, மருந்து அடிக்கும் இவருக்கும் இல்லை. நமக்காவது ஓடிப்போக உன் அம்மா வீடு இருந்தது.

வாங்க வந்தவரின் மனைவிக்கு நிறைமாதம். சுவரைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். வயல் பக்கத்து அறையில் நின்று, "ஏங்க, இங்க காத்து நல்லா வருது. தொட்டிலை இங்கேயே கட்டிடலாம்" என்றாள்.

பாப்பா படுத்திருந்த அறை அதுதான் என்று மட்டும் நான் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா