குனியாத கப்பா

ரூ பெர்தொனே, பாரிஸ் 10
12 பெப்ரவரி 2012

அன்பு மகன் கீர்த்தனனுக்கு,

அம்மா சுகம். முழங்கால் மட்டும் மெத்ரோப் படிகளோடு கோபம். நீ சுகமோ என்பது நீ எழுதினால்தான் தெரியும். மூன்று மாதமாக ஒரு வரியும் இல்லை. தொலைபேசி எடுக்கலாம்தான். ஆனால் நீயும் நானும் கதைத்தால் ஐந்தாவது நிமிடம் சண்டை வரும், ஆறாவது நிமிடம் இருவரில் ஒருவர் வைத்துவிடுவார். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் முத்திரை ஒட்டுகிறேன்.

கடை ஓடுகிறது. இந்தக் கிழமை மூன்று விழாக்காரர் பொன்னாடை எடுத்துப் போனார்கள். பாரிசில் தமிழர் யார் யாருக்கு மரியாதை செய்தாலும் அது என் அலுமாரியிலிருந்துதான் போகிறது. யாருக்கு, எதற்கு என்று நான் கேட்பதில்லை. எத்தனை என்று மட்டும் கேட்பேன்.

இப்போது எழுதவந்த விசயம். ரொபேர் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், பூல்வார் பெருந்தெருப் பக்கத்தில் ஒரு சின்ன இசை மண்டபத்துக்குப் பொறுப்பானவர். மேடைத் திரைக்குக் கறுப்புத் துணி என்னிடம்தான் எடுப்பார். நான் துணி வெட்டும் நேரம் கைபேசியில் ஏதாவது பார்த்துக்கொண்டு நிற்பார். போன கிழமை அதை எனக்கும் காட்டினார். ஜப்பான் பாட்டுக் குழு, பெயர் தொரோனுமா. சேற்றுக்குளம் என்று அர்த்தமாம். ஐந்து பேர், ஒருவருக்கும் முகம் இல்லை. ஒன்று நரி. ஒன்று வயிறு பெருத்த காட்டுநாய். ஒன்றுக்குச் சிவந்த முகமும் ஒரு முழ மூக்கும். ஒன்று குடை, அதற்கு ஒற்றைக் கண்ணும் தொங்குகிற நாக்கும். மேளத்துக்குப் பின்னால் இருப்பது பச்சை நிறம், ஆமை ஓடு, பறவைச் சொண்டு, உச்சந்தலையில் ஒரு தட்டு.

"இவையின்ர பேர் என்ன?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது, மதாம்."

"வயசு? ஊர்?"

"தெரியாது. அதுதான் அவர்களுடைய அழகு."

"அப்ப சம்பளம் ஆற்ற பேருக்குப் போகுது?"

விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை ரசிகர்களில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்றார்.

அதற்குப் பிறகுதான் அதைக் கண்டேன். பாட்டுத் தொடங்க முன்னம் அந்தப் பச்சைப் பிராணி மேளத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றியது. முகமூடிக்கு மேலால்! மூன்று தரம் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தேன். முதலில் இடது கண், பிறகு வலது. எல்லாரும் வலதில் தொடங்குவார்கள். ஓல்னேயில் சனிக்கிழமை மிருதங்க வகுப்புக்கு உன்னைக் கொண்டுபோய் விட்ட காலத்தில் மாஸ்ரர் உன்னைத் திருத்தப் பார்த்துத் தோற்ற சங்கதி இது.

ஒசாக்காவில் ஒலிபெருக்கி பூட்டுகிற வேலை என்று நீ எனக்குச் சொன்னாய். கொம்பியூட்டர் வேலை என்று நான் தெருவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். என் பொய் எனக்குத் தெரியும். உன்னுடையதைத்தான் அறிய ஆசை. ஓம், அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

பதில் பார்த்திருக்கும்
அம்மா கலாவதி

*

ஒசாக்கா
3 மார்ச் 2012

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளியோடு நின்ற தமிழ். பிழை பிடிக்காமல் வாசியுங்கள். முழங்காலுக்குத் தைலம் பூசாமல் வைத்தியரிடம் போங்கள்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு சொல்லைத்தான் தர முடியாது. அந்தக் குழுவைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒருவருடைய பெயரோ முகமோ வெளியே தெரிந்தால் அவர் அன்றே விலக வேண்டும். முகமூடி வேறொருவருக்குப் போகும். தாய் தகப்பனுக்குச் சொன்னாலும் சொன்னதுதான். ஆகவே அந்த மேளக்காரன் யாரென்று எனக்குத் தெரியாது.

அந்தப் பிராணியைப் பற்றிக் கேட்டால் சொல்லலாம். அதன் பெயர் கப்பா. இங்கத்தைய பழங்கதைகளில் ஆற்றில் இருப்பது. தலைத் தட்டில் தண்ணீர் இருக்கும். அதன் பலம் முழுக்க அந்தத் தண்ணீரில். சரியான பொல்லாதது, ஆனால் மரியாதை தெரிந்தது. எதிரே நின்று யாராவது ஆழமாகக் குனிந்து வணங்கினால் அதுவும் குனிந்தே தீரும். குனிந்தால் தண்ணீர் சிந்தும், பலம் போய்விடும்.

அதனால் அவர்களுடைய நிகழ்ச்சி ஒவ்வொன்றும் ஒரே மாதிரித்தான் முடியும். நரி வந்து கப்பாவின் தட்டில் தண்ணீர் ஊற்றும். மற்ற நாலு பேரும் சபைக்குக் குனிவார்கள். கப்பா மட்டும் நிமிர்ந்து நிற்கும். ரசிகர்கள் கீழே நின்று குனிந்து குனிந்து பார்ப்பார்கள். அது கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கண்ணில் படாத மரியாதைக்குப் பதில் மரியாதை செய்யத் தேவையில்லையாம். மூன்று வருடத்தில் ஒருநாளும் குனிந்ததில்லை.

மேளத்தைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் உலகத்தில் பல பேர், அம்மா. அவர்களில் ஒருவனுக்குப் பதினாறு வயதில் ஒரு மிருதங்கம் இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தபோது இல்லை. அதன் உறை மட்டும் கட்டிலில் இருந்தது. கடையில் சீலை மடிப்பது போல வடிவாக மடித்து வைத்திருந்தீர்கள்.

அன்புடன்
கீர்த்தனன்

*

ரூ பெர்தொனே
30 மார்ச் 2012

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பந்தியைப் பத்துத் தரம் வாசித்தேன்.

உறையை மடித்தது பிழை. மிருதங்கத்தை விற்றது பிழையா என்பதில் எனக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. பள்ளிக் கடைசி பக் பரீட்சைக்கு முந்தின வருடம். கணக்கில் இருபதுக்கு ஆறு வாங்கிக்கொண்டு வந்து மேசையில் தாளம் போட்டாய். நான் பியர்ஃபித் புறநகரில் மாடி மாடியாகச் சீலைப் பெட்டி தூக்கினவள். தாளம் போட்டுச் சீவிக்கலாம் என்று அதுவரை ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. பேய் முகம் போட்டுக்கொண்டு சீவிக்கலாம் என்று சொல்லியிருந்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அதை வாங்கினவர்களிடம் திருப்பிக் கேட்கலாம் என்று போன ஞாயிறு போனேன். அந்தக் குடும்பம் லண்டனுக்குப் போய் ஏழு வருடமாம். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். கதவைத் திறந்தவர் நான் சீலை விற்க வந்தேன் என்று நினைத்து வேண்டாம் என்றார்.

அது கிடக்கட்டும். இப்போது ஆபத்து வேறு. முன்கடை நகைக்காரர் சிவமணியைத் தெரியும்தானே. அவருடைய மகள் அதே வீடியோவைப் பார்க்கிறாள். நேற்று என்னைக் கண்டதும் சிவமணி கூப்பிட்டார்:

"கலாக்கா, இஞ்சை வந்து பாருங்கோ! இந்தப் பச்சைப் பேய் எங்கட பெடியள் மாதிரியெல்லோ தொட்டுக் கும்பிடுது. யாழ்ப்பாணத்துப் பேய் போல கிடக்கு!"

"தம்பி, கும்பிடுறதெல்லாம் எங்கட ஆக்கள், மினுங்கிறதெல்லாம் தங்கமெண்டால் நீர் கடையைப் பூட்டுறது நல்லது."

சிரித்தார். ஆனால் வீடியோவை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். தராசில் பழகின கண் அது.

அந்தக் கப்பாவை உனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரே நாட்டில் இருக்கிறீர்கள், எங்கேயாவது கண்டால் சொல்லிவிடு. முப்பது பொதிக்குள் ஒரு பொதியை ஆட்களுக்குத் தெரியாமல் வைக்க வேண்டுமென்றால் அதிலிருக்கும் அடையாளத்தை அழிக்கக் கூடாது. அழித்த இடம்தான் கண்ணில் குத்தும். மற்றப் பொதிகளுக்கும் அதே அடையாளத்தைப் போட்டுவிட வேண்டும். இது நான் சூரத்துத் துணி வியாபாரிகளிடம் பணம் கொடுத்துக் கற்ற பாடம். அந்தப் பிள்ளைக்குச் சும்மா தருகிறேன்.

இனி ஓமா இல்லையா என்று கேட்க மாட்டேன். கேட்காமலிருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்பதும் உனக்குத் தெரியும்.

அம்மா

*

ஒசாக்கா
20 மார்ச் 2013

அன்புள்ள அம்மாவுக்கு,

நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் அனுப்பிய பெட்டி அப்போதே வந்தது. மிளகாய்த்தூள் வாசனையில் தபால்காரர் தும்மினார்.

உங்கள் பொதி யோசனை எப்படியோ அந்தக் கப்பாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது ஐந்து பேரும் தொடங்க முன்னம் தங்கள் தங்கள் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார்கள். எல்லாரும் இடது கண் முதலில். ரசிகர்களுக்குள் பெரிய ஆராய்ச்சி நடக்கிறது. ஒருவர் இருபது பக்கம் எழுதியிருக்கிறார்: வடக்கு மலைக் கோயில் ஒன்றின் ஆயிரம் வருடச் சடங்காம். ஓல்னே சனிக்கிழமை வகுப்பு என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

நான் சிரித்தேன், அம்மா. உங்கள் கடிதத்துக்குச் சிரித்து எத்தனை வருடம்.

ஜூன் மாதம் அவர்கள் ஐரோப்பாவுக்கு வருகிறார்கள். பாரிசில் உங்கள் ரொபேரின் மண்டபம். எனக்கு லீவு இல்லை, நான் வரவில்லை. அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் போக வேண்டாம். போனால் சும்மா இருக்க மாட்டீர்கள். ஒரு பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறுவீர்கள். எங்கள் ஆட்களுக்கு மேடையில் ஓர் ஆளைக் கண்டால் போர்த்தாமல் விட வராது. ஒருவன் தோளில் அது விழுந்தால், ஏன் அவனுக்கு என்று சிவமணி கேட்பார், அடுத்த நாள் தெரு கேட்கும், அதற்கடுத்த நாள் அவனுக்கு மேளம் இல்லை. இரண்டாவது முறையும் இல்லாமல் போகும்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

கீர்த்தனன்

பி.கு: அந்த முகமூடியில் கண் துளை மிகச் சின்னதாம். நேரே முன்னால் நிற்கிறவர் மட்டும்தான் தெரியுமாம்.

*

ரூ பெர்தொனே
17 ஜூன் 2013

அன்பு மகனுக்கு,

போக வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. போனேன்.

கோபிக்காமல் முழுக்க வாசி.

ரொபேருக்கு இந்த நிகழ்ச்சிக்குப் புதுத் திரை தேவைப்பட்டது. இனாமாகவே தருகிறேன் என்றேன். முடிவில் எங்கள் தெரு வியாபாரிகள் சார்பில் கலைஞர்களுக்கு ஒரு மரியாதை செய்ய விடவேண்டும் என்றேன். அந்தக் குழுவிடம் கேட்டு வந்து சம்மதம் என்றார். அவர்களில் ஒருவர் மட்டும் பதில் சொல்ல நேரமெடுத்தாராம்.

சிவமணியும் மகளோடு வந்திருந்தார். என் கைப்பையைப் பார்த்துவிட்டு, "கலாக்கா, உந்தப் பேயளுக்கோ பொன்னாடை?" என்றார்.

"பேயெண்டாலும் குளிரும்தானே" என்றேன்.

இரண்டு மணித்தியாலம் பாட்டு. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, காது இன்னும் அடைத்திருக்கிறது. ஆனால் மேளம் விளங்கியது. நடுவில் ஓரிடத்தில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, கப்பா தனியாக வாசித்தது. மேசையில் போட்ட அதே தாளம். நான் அப்போது நிறுத்தச் சொன்ன இடத்தில் என் விரலும் தானாக நின்றது. அது நிற்கவில்லை, அதற்கு மேலே போனது. அதற்கு மேலே என்ன இருந்தது என்று இத்தனை வருடத்துக்குப் பிறகுதான் கேட்டேன்.

பிறகு நரி வந்து தட்டில் தண்ணீர் ஊற்றியது. நாலு பேர் சபைக்குக் குனிந்தார்கள். ரொபேர் என்னைக் கூப்பிட்டார்.

ஒன்று கொண்டுபோனால்தானே ஏன் அவனுக்கு என்று கேட்பார்கள்? ஐந்து கொண்டுபோனேன். ஒரே சரிகை, ஒரே நீளம். முதலில் நரி, பிறகு குடை, மூன்றாவது கப்பா. முதலாவதையும் கடைசியையும்தான் ஆட்கள் கவனிப்பார்கள். நடுவில் வைத்த சாமானை ஒருவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் போர்த்திவிட்டு, கையெடுத்து, இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டேன். ஐந்து பேருக்கும் ஒரே அளவு. என் முழங்கால் சாட்சி.

தாய் மகனுக்குக் குனிகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே நான் குனிந்தது கப்பாவுக்குத்தான். கட்டிலில் மடித்துக் கிடந்த ஓர் உறைக்காகவும் குனிந்தேன் என்று நீ நினைத்தால் மறுக்க மாட்டேன்.

அது கூரையைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு குனிந்தது. மெல்ல, நல்லாய்க் குனிந்தது. தட்டுத் தண்ணீர் முழுக்க என் கையிலும் சீலையிலும் கொட்டியது.

கைதட்டலில் மண்டபத்தின் கூரை பறந்தது. ரொபேர் ஓடி வந்து, "முதல் தரம், மதாம்! எங்கேயும் நடக்காதது!" என்று என் தோளைக் குலுக்கினார்.

"ஏன், கதையில அப்பிடித்தானே இருக்கு? முன்னால நிண்டு குனிஞ்சால் குனியத்தானே வேணும்" என்றேன். ஓம் ஓம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். இவ்வளவு கிட்டப் போய் இதுவரை ஒருவரும் குனியவில்லை, அதுதான் காரணம் என்று முடிவாகிவிட்டது. அந்த இருபது பக்கக்காரர் இனி நாற்பது எழுதட்டும்.

வெளியே வரும்போது சிவமணி கேட்டார்: "கலாக்கா, உங்கட மகனும் ஜப்பானிலதானே. இவையைத் தெரியுமோ?"

"தெரியாது. அவனுக்கு லீவும் இல்லை."

இந்தத் தெருவில் நான் சொன்ன பொய்களில் மனதுக்கு நிறைவான பொய் அதுதான்.

இன்னொன்று. அன்று நான் உடுத்தியிருந்தது காஞ்சிபுரம் பட்டு. பட்டில் தண்ணீர் கொட்டினால் காய்ந்த இடம் வட்டமாகத் தெரியும். உடனே கொண்டு வாருங்கள், நாள் போனால் கறை போகாது என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிறவளே நான். காலையில் கடைக்கு வேலைக்கு வந்த சுசான் அதைப் பார்த்துவிட்டு, "மதாம், சலவைக்குக் குடுக்கட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தந்தால் மடித்தாவது வைக்கிறேன் என்றாள்.

அதுவும் வேண்டாம் என்றேன். மடிக்கவில்லை. அப்படியே தொங்கவிட்டிருக்கிறேன்.

அம்மா