கத்திக்குச் சரி, ஆணிக்குச் சரிவராது

இன்று காலை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்திக் கொல்லரிடம் போனேன். களிமண் வெட்டி வெட்டி அதன் வாய் மழுங்கிவிட்டது. அவர் அதைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீர் வாளிக்குள் வைத்தார். சுர்ரென்று ஒரு சத்தம், பிறகு அந்த மணம். சுட்ட இரும்பும் ஈரமும் கலந்த மணம். இஞ்சருங்கோ, நீங்கள் வந்து பக்கத்தில் நின்றது போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. உயிரோடிருந்தபோது நீங்கள் பொறுத்துக்கொண்டது குறைவு. இனியாவது பழகுங்கோ.

சண்டைக்குப் பயந்து கிளிநொச்சி வீட்டை விட்டு ஓடி, மல்லாவிப் பக்கம் கொட்டில் போட்டிருந்தோமே, அந்தக் காலம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. வீட்டில் ஒரு சுவரும் மிச்சமில்லை என்று கேள்விப்பட்ட நாளில் நீங்கள் சோற்றைத் தொடவில்லை. பிறகு மகளின் மகள் தாரணிக்குக் கம்பஸில் பொறியியல் கிடைத்தது. அன்றிலிருந்து உங்கள் வாயில் ஒரே கதைதான். "என்ரை பேத்தி எஞ்சினியராய் வந்து வீட்டைக் கட்டுவாள்." கடைக்காரனுக்கும் சொன்னீர்கள், கடைக்கு வந்தவனுக்கும் சொன்னீர்கள்.

முதல் வருடம் முடிந்து அவள் விடுமுறையில் வந்தாள். இனி எந்தப் பிரிவில் படிப்பது என்று தெரிவு செய்ய வேண்டுமாம்.

"சிவில்தானே பிள்ளை?" என்றீர்கள்.

"இல்லை அம்மப்பா. பொருட்களைப் பற்றிப் படிக்கப் போறன். இரும்பு ஏன் உடையுது, எவ்வளவு பாரம் தாங்கும், எப்பிடிச் செய்தால் உடையாது எண்டு."

"உடையிறதைப் பாக்க ஒரு படிப்பே? இஞ்சை எங்கடை ஊரைச் சுத்தி வா. எல்லாம் உடைஞ்சுதான் கிடக்கு."

குசினிக்குள் நின்று நான் சிரித்தது உங்களுக்குக் கேட்டுவிட்டது. அதனால் கோபம் கூடிவிட்டது.

"உதுக்கு ஆர் வேலை தாறது?"

"கன வேலை இருக்கு. தண்டவாளம், பாலம், கப்பல், பிளேன் இறகு…"

"பிளேனோ! சத்தம் கேட்டாலே நாங்கள் பங்கருக்குள்ளை பாயிறம். நீ அதுக்கு இறகு செய்யப் போறியோ?"

அவள் அசையவில்லை. "செயற்கைக் காலும் இருக்கு அம்மப்பா. இஞ்சை எத்தினை பேர் அந்தக் காலோடை வயலுக்கை இறங்குகினம்? அது முறியாமல் இருக்க ஆரும் ஆராய்ச்சி செய்யத்தானே வேணும்?"

தோற்கப் போகும்போது நீங்கள் குரலை உயர்த்துவீர்கள். அன்றும் அதுதான். "சிவில் எண்டால் போ. இல்லாட்டி நான் கையெழுத்து வையன்." வன்னியை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் வேண்டும், பாஸுக்கு வீட்டில் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பு உங்களுடையது. தாரணி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். அவள் படிப்பு அந்த ஒரு கையெழுத்தில் தொங்கி நின்றது.

அந்த வாரம்தான் உழவு மிசினில் பின்னால் இழுக்கும் பெட்டியைக் கொழுவும் ஆணி தேய்ந்து போயிற்று. புது இரும்பு வன்னிக்குள் வரத் தடை. எங்கேயோ கிடந்த கம்பித் துண்டொன்றை நீங்களே வெட்டி, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்தீர்கள். "கத்தியை இப்பிடித்தானே வைரிக்கப் பண்ணுறது? இனி இது என்னை விடக் கனகாலம் இருக்கும்."

அடுத்த நாள் ஆலைக்கு நெல் கொண்டுபோனோம். பெட்டியில் மூட்டைகள், மூட்டைகளுக்கு மேல் நான். குளக்கட்டில் ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம். மிசின் உங்களோடு போயிற்று. பெட்டி மூக்குக் குத்திக்கொண்டு என்னோடு நின்றுவிட்டது. நான் மூட்டையோடு மூட்டையாகச் சறுக்கி வந்து கத்துகிறேன், நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டேயிருக்கிறீர்கள். குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவன் ஒருவன் உங்கள் பின்னால் ஓடி மறித்தான்.

"அண்ணை, அக்காவைக் கழட்டி விட்டிட்டியளோ? சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாமே!"

எனக்கு முழங்கை மட்டும் உரஞ்சியிருந்தது. உங்கள் முகம் செத்துப்போயிருந்தது. அதற்கு முந்தின நாள்தான், இனி அதே பெட்டியில் அயலட்டைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.

தாரணி முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முறிந்த முகம் கற்கண்டை உடைத்தது போல மினுங்கியது.

"கத்திக்கு இது சரி அம்மப்பா, வெட்டினால் போதும். ஆணிக்கு இது சரிவராது. அது இழுவையும் குலுக்கலையும் தாங்க வேணும். தோய்ச்ச பிறகு இன்னொருக்கால் மெல்லிய சூட்டிலை வைச்சு ஆற விட்டிருக்க வேணும்."

"கம்பஸிலை அடுப்பும் ஊதுறவையோ?" என்றீர்கள். ஆனாலும் அன்று பின்னேரமே மிச்சக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டினீர்கள். இரண்டையும் காய்ச்சித் தோய்த்தீர்கள். ஒன்றை அப்படியே வைத்தீர்கள். மற்றதை அவள் சொன்னபடி தணலருகே நீல நிறம் படரும்வரை வைத்து ஆறவிட்டீர்கள். பிறகு சுத்தியலை அவளிடம் கொடுக்காமல் நீங்களே அடித்தீர்கள். முதலாவது ஒரே அடியில் இரண்டாயிற்று. மற்றது வளைந்தது, முறியவில்லை. திரும்ப அடித்தீர்கள். இன்னும் வளைந்தது. சுத்தியலை வைத்துவிட்டு வளைந்த துண்டைக் கையில் எடுத்தீர்கள்.

"இது தெரியாமல் பிள்ளையளை ஏத்தப் பாத்தனே," என்று என்னிடம் சொன்னீர்கள். அவளிடம், "பாஸுக்கு எப்ப போக வேணும்?" என்று மட்டும் கேட்டீர்கள். எனக்கு அது போதும்.

அடுத்த மாரியில் மலேரியா உங்களைக் கொண்டுபோயிற்று. அவள் பட்டம் பெற்றதை நீங்கள் காணவில்லை. நான் கண்டேன், படத்தில். இப்போது கம்பஸிலேயே ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்து, சம்பளமும் தருகிறார்கள். செயற்கைக் காலின் மூட்டு எத்தனை தரம் மடித்தால் வெடிக்கும் என்று மிசினில் வைத்துப் பார்க்கிறாளாம். நான் அதை ஊரெல்லாம் சொல்லுகிறேன். இப்போது என் வாயிலும் ஒரே கதைதான்.

நாங்கள் கிளிநொச்சிக் காணிக்குத் திரும்பியதும் மருமகன் தொடங்கினார். "மாமி, படிச்சது போதும். கொம்பனி ஒண்டிலை சேர்ந்தால் நல்ல சம்பளம். வீட்டையும் கட்டி, கலியாணத்தையும் முடிக்கலாம். நீங்கள் சொன்னால் கேப்பாள்."

"சொல்ல மாட்டன்," என்றேன்.

"அப்ப வீடு?"

"அது உங்கடை மகளின்ரை பாடமில்லை, தம்பி."

அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும், பசித்தால் வருவார்.

சீமெந்து இன்னும் கிடைக்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வயதும் இல்லை. களிமண்ணைக் குழைத்து நானே அச்சில் கல் அரிந்து முற்றத்தில் காயப் போட்டிருக்கிறேன். ஒரு அறை, ஒரு குசினி, உங்கள் படத்துக்கு ஒரு சுவர். முதுகு நோகிறது, நோகட்டும். நாளைக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குகிறேன். வீடு என்னுடைய வேலை. அவளுக்கு வேறு வேலை இருக்கிறது.