மேற்கு வேலியோரத் துணிக்கொடி

அனுப்புநர்:
சலவைக்கடை உரிமையாளர்,
ஓடுபாதை மேற்கு வேலியோரம்.

பெறுநர்:
நிலைய மேலாளர் அவர்கள்,
மலை விமான நிலையம்.

பொருள்: காற்றின் திசை காட்டும் துணிக்குழாயை வியாழக்கிழமைக்குள் ஏற்றித் தர வேண்டுவது.

பார்வை: என் துணிக்கொடியை ஏழு நாளில் அகற்றும்படி தங்கள் அலுவலகம் அனுப்பிய அறிவிப்பு.

மதிப்புமிக்க ஐயா,

1. முதலில் நல்ல செய்தி. என் மகள் விமானியாகிவிட்டாள்! வரும் வியாழன் காலை பத்து மணி விமானத்தை நம் நிலையத்தில் அவளே இறக்கப்போகிறாள். அவள் ஓட்டுவதைச் சோதிக்கப் பக்கத்தில் பரிசோதகர் உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் புகார் மனுவில் எழுதக் கூடாது என்று தெரியும். கை கேட்கவில்லை, மன்னிக்கவும்.

2. இனிப் புகார். நிலையக் கம்பத்தில் இருந்த ஆரஞ்சுத் துணிக்குழாய் பதினான்கு மாதங்களுக்கு முன் புயலில் கிழிந்து போனது. இன்று வெறும் இரும்பு வளையம்தான் நிற்கிறது. அன்றிலிருந்து விமானிகள் என் கொடியில் காயும் துணிகளைப் பார்த்தே காற்றைக் கணித்து இறங்குகிறார்கள். இது ஊரறிந்த விஷயம். மூத்த விமானி ஒருவர் வேலியருகே வந்து, "அக்கா, நாளைக்கும் வெள்ளையாவே போடுங்க, மேல இருந்து பளிச்சுன்னு தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

3. போன செவ்வாய் நடந்தது முழுக்க என் தவறு. விடுதி விரிப்புகளுக்குக் கஞ்சியைக் கெட்டியாகப் போட்டுவிட்டேன். அவை பலகை மாதிரி விறைத்து நின்றன. அவ்வளவு காற்றிலும் அசைந்தால்தானே! காற்றே இல்லை என்று நம்பி இறங்கிய விமானி, கடைசி நொடியில் காற்று தள்ளவே விமானத்தை மறுபடி மேலே ஏற்றித் திரும்பிப் போய்விட்டார். பதினெட்டுப் பயணிகளில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

4. ஆகவே தங்கள் அறிவிப்பு நியாயமே. கிடைத்த அன்றே கொடியை அவிழ்த்துவிட்டேன். ஆனால் ஐயா, இப்போது குழாயும் இல்லை, கொடியும் இல்லை. என் மகள் எதைப் பார்த்து இறங்குவாள்? காற்று தெரியாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டுமாம். பிறந்த வீட்டுக் கூரைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போவதா? என்னால் தாங்க முடியாது.

5. புதுக் குழாய் "அனுமதியில் இருக்கிறது" என்ற பதிலைப் பலமுறை கேட்டாகிவிட்டது. பொறுக்கமாட்டாமல் நானே ஒன்று தைத்துவிட்டேன். வளையத்தைத் தங்கள் மின்பணியாளர் ஏணி வைத்து அளந்து தந்தார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான்தான் நச்சரித்தேன். இன்று காலை அதைத் தங்கள் தபால் பிரிவு எழுத்தரிடம் கொடுத்தேன். "வெறும் துணிய வாங்க ரிஜிஸ்டர்ல இடமே இல்லம்மா. மனுவோட இணைப்பா வந்தா வாங்கிக்கறேன்" என்றார். அதனால்தான் இந்த மனு.

தாங்கள் அதைச் சரிபார்த்து, புதன் மாலைக்குள் கம்பத்தில் ஏற்ற உத்தரவிட வேண்டும். ஏணியைப் பிடிக்க நான் வருகிறேன்.

இடம்: மேற்கு வேலியோரம்
நாள்: 4ஆம் தேதி, திங்கள்

தங்கள் உத்தரவுக்காக வேலியருகே காத்து நிற்கும்,
(கையொப்பம்)
சலவைக்கடைக்காரி, விமானியின் அம்மா

இணைப்பு:
1. அறிவிப்பின் நகல்.
2. ஆரஞ்சுத் துணிக்குழாய் ஒன்று. துவைத்தது. கஞ்சி போடவில்லை.