நமாசுக்குக்குப் போன படை

ஆற்றுமுனைக் கோட்டை, நியூ இங்கிலாந்து
1675 செப்டம்பர் 14

அன்பு டாமரிஸ்,

நலம். நீ பின்னிய காலுறைகள் வந்தன. ஒன்று மற்றதைவிட நீளம். பரவாயில்லை.

கவர்னர் அறுபது பேரை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நமாசுக் ஊரையும் அதன் சோளக்காட்டையும் எரிக்க வேண்டும். நம்மோடு போரிடும் செவ்விந்தியர்களுக்கு அங்கிருந்துதான் தானியம் போகிறதாம். இருபதாம் தேதி கிளம்புகிறோம். மூன்று நாள் வேலை. நான் தோற்றுத் திரும்பியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

உன் ஹோசியா

வெதர்ஃபோர்டு
செப்டம்பர் 17

என் அன்புக் கணவருக்கு,

காலுறையின் நீளம் தெரிகிறது, நமாசுக் யாருடைய ஊர் என்பது மறந்துவிட்டதா? நாம் கப்பலிறங்கிய முதல் குளிர்காலத்தில் நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். பனியில் முழங்கால் புதையச் சோளம் சுமந்து வந்தவள் அந்த ஊர்த் தலைவி மிஷனா. "உன் புருஷன் பொழைச்சு எந்திரிச்சா எங்களை என்ன பாடுபடுத்துவானோ" என்று சிரித்துக்கொண்டே கஞ்சி காய்ச்சினாள்.

உங்களிடம் கெஞ்சப் போவதில்லை. குதிரைக்குச் சேணம் பூட்டியாயிற்று. உங்களுக்கு முன்னால் நான் அங்கே போய்ச் சேர்வேன். கோபமிருந்தால் வீட்டுக்கு வந்து காட்டுங்கள்.

டாமரிஸ்

ஆற்றுமுனைக் கோட்டை
செப்டம்பர் 27

டாமரிஸ்,

ஊர் காலியாக இருந்தது. அடுப்புகளில் சூடு ஆறவில்லை. சோளம் மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது.

"தீ வெச்சிரட்டுங்களா கேப்டன்? நல்ல காத்து, நொடியில முடிஞ்சிரும்" என்றான் லெப்டினன்ட் பிரிட்ச்.

பனியில் மிஷனா சுமந்து வந்த சோளம் நினைவுக்கு வந்தது. "வேணாம்யா. எல்லாரையும் திருப்பு."

"கவர்னர் கேட்டா?"

"நான் பேசிக்கிறேன். நீ ஏன் கவலைப்படுறே?"

கோட்டைக்குத் திரும்பியதும், "அவங்களுக்குத் தகவல் கொடுத்தவன் யாரு?" என்று கவர்னர் கேட்டார். நான்தான் என்றேன். வாளையும் பதவியையும் பறித்து என்னை அறையில் பூட்டியிருக்கிறார்கள், வசந்தத்தில் விசாரணை.

எரிக்க மாட்டேன் என்று நீ நம்பவில்லை. நம்பாததுதான் சரி. எரிக்கத்தான் கிளம்பினேன்.

நீ போனது பற்றி யாரிடமும் மூச்சு விடாதே. இது என் உத்தரவு.

ஹோசியா

வெதர்ஃபோர்டு
அக்டோபர் 2

என் அன்பு ஹோசியா,

பதவி போயிற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதவியில் இல்லாதவரின் உத்தரவு செல்லாது. கவர்னரிடம் உண்மையைச் சொல்ல நாளை காலை கிளம்புகிறேன். பக்கத்து அறை காலியாக இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள்.

உங்கள் டாமரிஸ்