புகைந்துபோன ஆலிவ் எண்ணெய்

அன்புள்ள செல்லத்துக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா?

ஒரு சின்ன விஷயம், பயந்துவிடாதே. இங்கே சமைத்த அக்கா லீவில் போயிருப்பதால், கார் ஓட்டும் நானே இப்போது சமையலும் செய்கிறேன். முதலாளிக்கு இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இனி ஆலிவ் எண்ணெய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அதைப் புகையப் புகையக் காய்ச்சி உருளைக்கிழங்கைப் போட்டேன். வீடு முழுக்கப் புகை. முதலாளி இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன்.

மூச்சு சீரானதும், "என்னப்பா, என்னை மேல அனுப்பி வைக்கப் பாத்தியா? தீயைக் கம்மியா வச்சா போதும்" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது சின்னத் தீயில் பூண்டு வதக்குகிறேன். பருப்பை இறக்கியபின் மேலே ஒரு கரண்டி எண்ணெயைக் காய்ச்சாமல் பச்சையாக ஊற்றுகிறேன். ரொட்டிக்கும் வெண்ணெய்க்குப் பதில் அதுதான். மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். ஆனாலும் அவர் லேசாகக் கனைத்தால்கூட அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன்.

ஒரு ஆள் பருப்புக்கு எவ்வளவு உப்பு என்று எழுது. அவருக்குக் கம்மியாகத்தான் போட வேண்டும். எனக்கு நீ எவ்வளவு போடுவாய் என்றும் எழுது. தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

முதலாளி மணி அடித்துக் கூப்பிடுகிறார், போகிறேன்.

உன்னவன்